எரிஞ்சா நிப்பாட்டிருங்க

மணமேல்குடிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பல வருஷங்களாக உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் என்று பேர்தான். கம்பிவலையில் கை நுழையும் அளவுக்கு ஓர் அரைவட்டம், அவ்வளவே. அதனால் ஆட்களை எனக்கு முகத்தைவிடக் கையை வைத்துத்தான் அதிகம் தெரியும். வலைக்கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கை, ஐஸ் பெட்டியில் மீன் அடுக்கி விறைத்த கை, கருவாட்டு உப்பில் வெளிறிய கை. சீட்டு உள்ளே வரும், மாத்திரை வெளியே போகும். என்னைச் சிடுமூஞ்சி என்று சொல்வார்கள். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

மழைக்காலம் வந்துவிட்டால் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்குக் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கும். டாக்டர் சீட்டில் பெர்மாங்கனேட் என்று எழுதி அனுப்புவார். கருநீலமாக, மினுமினுவென்று, பொடிச் சீனிக்கு மை பூசியதுபோல் இருக்கும். அதில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துப் பொட்டலமாகக் கொடுப்பேன். கூடவே பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதைப்போல ஒரே மூச்சில் ஒரு பாட்டும் பாடுவேன். "அரை வாளித் தண்ணில ரெண்டே ரெண்டு மணி போடுங்க, நல்லாக் கரையணும், லேசான ரோஸ் கலர் வந்தாப் போதும், பத்து நிமிஷம் காலை வைங்க, எரிஞ்சா நிப்பாட்டிருங்க, கையால தொடாதீங்க, வாயில போட்டுறாதீங்க, பிள்ளைக கைக்கு எட்டாம வைங்க, அடுத்தாள் வாங்க."

கேட்டுக்கொண்டு போனவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். தண்ணீர் எதற்கு என்று மணியை அப்படியே புண்ணில் அப்பிக்கொண்டு, புண் இருந்த இடத்தில் குழியோடு வந்தார் ஒருவர். கத்தரிக்காய் நிறத்தில் இரண்டு கால்களையும் தூக்கிக் காட்டி, "நீங்க சொன்ன மருந்துதாங்க" என்று சிரித்தார் இன்னொருவர். ஓர் அம்மாள் பொட்டலத்தைக் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகச் சொன்னபோது நான் போட்ட சத்தத்தில் தடுப்பூசிக்கு வந்த குழந்தைகள் எல்லாம் அழ ஆரம்பித்துவிட்டன. அளவோடு இருந்தால் நீர் வடியும் புண்ணைக் காயவைக்கும், கிருமியைக் கொல்லும். அளவு தப்பினால் கிருமிக்கும் தோலுக்கும் அது வித்தியாசம் பார்க்காது. இதைத் தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தெரிந்தவள் நான் என்ன செய்தேன் என்பதற்குத்தான் இத்தனை பீடிகையும்.

எனக்கு ஓர் அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஆலங்குடிக்கும் கறம்பக்குடிக்கும் நடுவில், சுற்றிலும் முந்திரிக்காடு உள்ள ஊரில் இருக்கிறாள். வறுத்த முந்திரிக்கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிப் பருப்பு எடுப்பது அவள் வேலை. அந்த ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்டால் பொத்துப் போகும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒரு வாரத்தில் உள்ளங்கைத் தோல் உரிந்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவார்கள். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள். வருஷங்கள் போகப் போகத் தோல் கறுத்து, தடித்து, பிறகு எரிச்சல் நின்றுவிடும். எரிச்சல் மட்டுமில்லை, எல்லாமே நின்றுவிடும். அக்கா அடுப்பிலிருந்து சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் இறக்குவாள். சின்ன வயதில் அதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்வேன்.

மருந்தாளுநர் படிப்புக்கு விடுதியில் சேர்ந்த பிறகு பெருமை போய்விட்டது. அவள் என்னைப் பார்க்க வந்தால் தோழிகள் அவள் கையைப் பார்க்கிறார்களா என்று பார்ப்பேன். அதை அவள் ஒரு நாள் கவனித்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் வரும்போதெல்லாம் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டே பேசினாள். மறைக்காதே அக்கா என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா புருஷனை மச்சான் என்று கூப்பிடுவேன். கடலையும் கொஞ்சம் நெல்லும் போடுகிற சம்சாரி. பிள்ளை கிடையாது, அதனால் நான்தான் அவர்களுக்குப் பிள்ளை. எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து என்னை டாக்டரம்மா என்பார். "மாத்திரை எண்ணிக் குடுக்கிறவ டாக்டரம்மாவா?" என்று அக்கா கேட்டால், "டாக்டருக்கே இவதான் எடுத்துக் குடுக்கணும், அப்ப யாரு பெரியவ?" என்பார். தினமும் விடிந்ததும் வாட்ஸப்பில் எனக்கு ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்பிவிடுவார். நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அவருக்குச் சர்க்கரை. மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், இனிப்பையும் ஒழுங்காகச் சாப்பிடுவார். கால் மரத்துப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. வயலிலிருந்து வரும் வழியில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்ததை அவரே நடித்துக் காட்டுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். நானும் சிரித்தேன். இத்தனை படித்தவள், அது சிரிக்கிற விஷயமில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன ஐப்பசியில் வயலில் தண்ணீர் வடியவில்லை. நாள் முழுக்கச் சேற்றில் நின்றதில் அவருக்கு விரலிடுக்கில் புண் வந்து நீர் வடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அக்கா சொன்னதற்கு, "வீட்டுல டாக்டரம்மாவ வச்சுக்கிட்டு ஊரான்கிட்ட எதுக்குக் காலைக் காட்டணும்" என்று சொல்லியிருக்கிறார். அக்கா எனக்குப் போன்கூடப் பண்ணவில்லை. இரண்டு பஸ் மாறி நேரே வந்து, என் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றுவிட்டாள். அரைவட்டத்துக்குள் அந்தக் கறுத்த கை நுழைந்தபோதுதான் அவள் வந்திருப்பது எனக்குத் தெரிந்தது.

"ஏங்க்கா வரிசைல நின்ன? உள்ள வரவேண்டியதுதானே?"

"இருக்கட்டும் பாப்பா. எல்லாரும் நிக்கிறாங்கள்ல."

விஷயத்தைச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். காய்ச்சல் மாசம். எனக்குக் காலையிலிருந்து ஒரு டீகூடக் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் சிட்டிகைப் பொட்டலம் கொடுக்கிற நான், சொந்த அக்கா என்பதால், என் வீட்டுக்காக மெடிக்கலில் வாங்கிக் கைப்பையில் வைத்திருந்த முழு டப்பாவையே எடுத்துக் கொடுத்தேன். பாட்டையும் பாடினேன். அக்கா போகாமல் நின்றாள்.

"எரிஞ்சா என்ன பண்றது பாப்பா?"

"எரியக் கூடாதுக்கா. அதான் முக்கியம். எரிஞ்சா நிப்பாட்டிரு. புண்ணு ஆறுற வரைக்கும் தெனம் ஊறவை."

"சரி" என்று தலையாட்டினாள். நான் சொன்னதை மனப்பாடம் செய்வதுபோல் அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். முறுக்குப் பொட்டலம் ஒன்றை உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

சர்க்கரைக்காரர் காலைத் தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். பிறகு தேடி எடுத்துப் பார்த்தேன், என் கையெழுத்துதான், அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஜன்னலில் அது என் நினைவுக்கு வரவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சேற்றுப்புண், பெர்மாங்கனேட், அடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து மச்சான் ரோஜாப்பூவுக்குப் பதிலாகக் கால் படத்தை அனுப்பினார். பாதம் முழுக்கக் கரும்பழுப்பு. "இப்படித்தான் இருக்குமா டாக்டரம்மா?" என்று குரல் பதிவு. அந்த மருந்து பட்டால் தோலில் கறை பிடிக்கும், நகம் பழுப்பாகும், கொஞ்ச நாளில் தானே போய்விடும். அதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கறைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. இரண்டு சீட்டுக்கு நடுவே, "கறைதான் மச்சான், போயிரும்" என்று பேசி அனுப்பினேன்.

பத்து நாளில் அக்கா போன் பண்ணினாள். "பாப்பா, டப்பா தீந்துபோச்சு."

அந்த டப்பா ஒரு குடும்பத்துக்கு வருஷக்கணக்கில் வரும். இரண்டு மணி போட்டால் போதும் என்கிற மருந்து பத்து நாளில் எப்படித் தீரும் என்று என் மூளைக்கு உறைத்திருக்க வேண்டும். மாத்திரைக் கணக்கில் ஒன்று குறைந்தால் ராத்திரி தூக்கம் வராத ஆள் நான். அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்காத எரிச்சல். காய்ச்சல் முகாம் என்று ஊர் ஊராக இழுத்துக்கொண்டிருந்தார்கள். "சிந்திட்டியாக்கும்" என்று வைதுவிட்டு, இன்னொரு டப்பா வாங்கிப் புதுக்கோட்டை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் அவள் மறுபடி போன் பண்ணினாள். குரலே வேறு மாதிரி இருந்தது. "பாப்பா, அவருக்குக் குளிரு சுரம். காலுல வாடை வருது. எலி செத்த வாடை."

போட்டது போட்டபடி கிளம்பினேன். வீட்டு வாசலிலேயே வாடை அடித்தது. மச்சான் கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடந்தார். "வாங்க டாக்டரம்மா, பீஸ் எவ்வளவு?" என்றார், பல் கிட்டியபடி. நான் காலைப் பார்த்தேன். இரண்டு விரல்கள் கறை நிறத்தில் இல்லை, கரி நிறத்தில் இருந்தன. தொட்டேன். அவருக்குத் தெரியவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஓர் இளம் டாக்டர் பஞ்சை நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தார். கறையோடு தோலும் வந்தது. சேற்றுப்புண் விரலிடுக்கில்தான் இருந்தது. வெந்திருந்தது பாதம் முழுக்க.

"இது கெமிக்கல் பட்டு வெந்த புண்ணு. என்னங்க ஊத்துனீங்க? சுகர் இருக்கவங்க காலை ஊறவைக்கவே கூடாது, யாரு சொன்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். மச்சானைப் படுக்கவைத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்திலேயே அக்காவைப் பிடித்து நிறுத்தினேன். எத்தனை மணி போட்டாய் என்று கேட்டேன். நான் கேட்ட தொனி நல்ல தொனி இல்லை.

அக்காவுக்குப் பதற்றமே இல்லை. செய்ததைச் சரியாகச் செய்தவள் பேசுகிற மாதிரி பேசினாள்.

"நீ சொன்னபடிதான் பாப்பா. எரியக் கூடாதுன்னு சொன்னியா? இவரு வலிக்குதுன்னே வாயத் தொறக்க மாட்டாரு, எரிஞ்சாலும் சொல்ல மாட்டாரு. அதான் மொதல்ல என் கையை விட்டுப் பாத்துக்குவேன். நீ சொன்னாப்புல ரெண்டு மணி போட்டேன், கையில ஒண்ணுமே புடிக்கல. மருந்துன்னா கொஞ்சமாச்சும் புடிக்கணும்ல? இன்னும் கொஞ்சம் போட்டேன். லேசாச் சுருசுருன்னு வர்ற வரைக்கும் போடுவேன். வந்ததும் நிப்பாட்டிருவேன். அதுலயும் ஒரு செம்பு தண்ணி விளாவித்தான் அவரு காலை வைக்க விடுவேன். எரியுதாங்கன்னு கேப்பேன். இல்லம்பாரு. தெனம் கேட்டேன் பாப்பா."

"ரோஸ் கலருன்னு சொன்னேனேக்கா!"

"கலரு என்னாத்தப் பண்ணப் போவுது? எரியுறதுதானே ஆபத்து?"

சொல்லிக்கொண்டே, எப்படி விட்டுப் பார்த்தாள் என்று இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காற்றில் அளைந்து காட்டினாள். முந்தானைக்குள் வைக்க மறந்துவிட்டாள். ஆயிரம் கைகளைப் பார்த்த நான் அன்றைக்குத்தான் அந்தக் கைகளைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் பழுப்பு. வேறு யார் கையிலாவது அந்தப் பழுப்பைப் பார்த்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பேன். ஏற்கெனவே கறுத்த கையில் புதுக்கறை தெரியவில்லை.

முக்கியம் என்று நான் சொன்னதை அவள் ஒரு நாள்கூட விடவில்லை. சோதித்துப் பார்த்துத்தான் வைத்தாள். பச்சைப்பிள்ளைக்கு வெந்நீரை அம்மா தொட்டுப் பார்ப்பதுபோல் தினமும் தொட்டுப் பார்த்திருக்கிறாள். தொட்டுப் பார்த்த கைக்கும் உணர்ச்சி இல்லை, வைத்த காலுக்கும் உணர்ச்சி இல்லை. எரிந்தால் நிறுத்து என்று நான் சொன்னது இந்த இரண்டு பேருக்கு.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. 'கூறு இருக்காக்கா ஒனக்கு, அந்தக் கையில என்னத்தத் தெரியும்' என்று கத்தியிருப்பேன். என் சுபாவம் அப்படி. அப்போது மச்சானைப் பார்த்தேன். காய்ச்சலில் சிவந்த கண்ணோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. அக்கா சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்த அதே நேரத்தில் அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் கோப்போடு திரும்பி வந்தார். "தண்ணி கலக்குனது யாரு?"

"அவ கலக்குனது சரியாத்தாங்க இருக்கும்" என்றார் மச்சான். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "அவ அங்கிட்டுத் திரும்புனதும் நாந்தாங்க டப்பாவக் கவுத்து இன்னுங் கொஞ்சம் போட்டுக்குவேன். சீக்கிரம் ஆறட்டும்னு. கடலைக்கு உரம் போட்ட பழக்கம்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அடப்பாவி மனுசா! அதான் டப்பா டப்பாவாத் தீந்துச்சா?" என்று அவர் தோளில் அறைந்தாள். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் அவரை வைதார், நர்ஸ் வைதார், பக்கத்துக் கட்டில்காரர்கூட வைதார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு படுத்திருந்தார்.

முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அழுகல் நிற்கவில்லை. எட்டாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அறுவை முடிந்து மூன்றாம் நாள் அக்கா டீ வாங்கப் போயிருந்தாள். நான் சொன்னேன்.

"மச்சான், தப்பு என்னோடது. சொன்னவ நான். நான் அக்காகிட்டச் சொல்லிர்றேன். பொய் எதுக்கு?"

"சொன்னா? ஒன் தப்புன்னு ஒத்துக்குவாளாக்கும் அவ? ஒன்னைய வளத்தவ. சுத்திச் சுத்தித் தன் மேலதான் போட்டுக்குவா." போர்வையை இழுத்துக் கால் இல்லாத இடத்தை மூடினார். "காலு போனது எனக்கு. அதோட போவட்டும். அவ நாளைக்கும் அந்தக் கையாலதான் சோறு பெசஞ்சு திங்கணும். ஒவ்வொரு வாய்க்கும் அதையப் பாத்துக்கிட்டே திங்கணுமா? யாரு கேட்டாலும் நாந்தான். என்ன டாக்டரம்மா?"

"சரி மச்சான்" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா டீயோடு வந்து, "இப்ப அழுது என்ன, அன்னைக்கு இவரு கைய ஒடிச்சிருக்கணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சுதான் தினமும். தூக்கி உட்காரவைக்கும்போதும் வைவாள், கட்டுப் பிரிக்கும்போதும் வைவாள். "நான் பாத்துப் பாத்துக் கலக்கி வச்சேன், இந்த மனுசன் கெடுத்துக்கிட்டாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். அவள் வைய ஆரம்பித்ததும் அவர் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்குவார், நாங்கள் பேசிவைத்தது நன்றாக நடக்கிறது என்பதுபோல. ஒரு நாள் அவள் அளவு மீறிப் போய், "ஒங்க திமிரு, காலை மட்டுமா தின்னுச்சு, என் பொழப்பையும்ல தின்னுருச்சு" என்றாள். அன்று அவர் புருவத்தைத் தூக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எழுந்து உண்மையைக் கத்திவிடலாமா என்று இருந்தது. கொடுத்த வாக்கு கட்டிப்போட்டதா, பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அக்கா முகத்தில் என்ன வரும் என்று பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை என்பது மட்டும் தெரியும்.

ஜன்னலில் பாட்டு நின்றுவிட்டது. இப்போது தினமும் காலையில் ஒரு கண்ணாடி டம்ளரில் சரியான நிறத்தில் கலக்கி வைக்கிறேன். மதியத்துக்குள் அது டீத்தண்ணி நிறத்துக்கு மாறிவிடும், கொட்டிவிட்டு மறுபடி கலக்குவேன். "இந்தக் கலருதான், இதுக்கு மேல ஒரு பொட்டு ஏறக் கூடாது" என்று காட்டுகிறேன். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிறேன். இருந்தால் பொட்டலம் கிடையாது, டாக்டரிடம் திருப்பி அனுப்பிவிடுவேன். அரைவட்டத்தில் கை நுழைந்தால் பேனா முனையால் விரல் நுனியை லேசாகத் தொட்டு, "தெரியுதாங்க?" என்று கேட்கிறேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். வரிசை மெதுவாக நகர்கிறது, வைகிறார்கள். வையட்டும்.

மச்சானுக்கு வெட்டிய இடம் கடைசிவரை ஆறவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மாசி மாதம் ஒரு முற்பகலில், அக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். போனில் சேதி வந்தபோது நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அன்று காலையில் அவர் அனுப்பிய ரோஜாப்பூவை அந்தப் பஸ்ஸில்தான் திறந்து பார்த்தேன். பிறகு பின்னால் போய், திறக்காமல் விட்ட அத்தனை ரோஜாப்பூக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆலங்குடி வரும்வரை திறந்துகொண்டே இருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தார்கள். பந்தியில் உட்காரவே மாட்டேன் என்று நின்ற என்னை அக்காதான் இழுத்து உட்காரவைத்தாள். துக்கத்தில் இருப்பவள் பரிமாற வேண்டாம் என்று எத்தனையோ பேர் சொல்லியும் கேட்காமல், "எம் பாப்பாவுக்கு நாந்தான் போடுவேன்" என்று சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்குப் பக்கத்தில் கறம்பக்குடியிலிருந்து வந்த சித்தி முறைக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மச்சான் கால் போனது எப்படி என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. கேட்டுவிட்டாள்.

அக்கா சோற்றுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் அந்த மனுசன் தானாத் தேடிக்கிட்டது சித்தி. நான் கையை விட்டுப் பாத்துப் பாத்துக் கலக்கி வச்சேன். எனக்குத் தெரியாம அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டாரு. என்னையத் தனியா விட்டுட்டுப் போறதுக்குன்னே பண்ணாரு." என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு பாப்பா. நீ மருந்துக்காரி. நீ எத்தன தடவ சொல்லிவிட்ட, லேசாப் போடணும்னு? கேட்டாரா அந்த மனுசன்?"

பந்தியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். இல்லை என்று நான் சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிற கண்ணாக அது இருந்ததா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியாது. எங்களுக்காக ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் செத்துப்போன மனிதரைப் பற்றி, அவருடைய பதினாறாம் நாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னேன்.

"இல்லக்கா. கேக்கவே இல்ல."

"பாத்தீங்களா சித்தி" என்றாள் அக்கா. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, சட்டியிலிருந்து ஆவி பறக்கிற சோற்றை வெறுங்கையாலேயே அள்ளி என் இலையில் வைத்தாள்.